வெண்குடை வீதி கடந்த கதை

முன்னொரு காலத்தில், அதாவது மாட்டுவண்டியே போதும் என்று ஊர் நிம்மதியாக இருந்த காலம் போய், வசதியுள்ளவர்கள் ஆளுக்கொரு குதிரைவண்டி வாங்கிவிட்ட காலத்தில், மகுடவர்த்தனர் என்று ஓர் அரசர் இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஓர் ஆசை அவரைப் பிடித்துவிட்டால் ஊரே அதற்கு ஆட வேண்டும்.

அந்த வருஷம் அவரைப் பிடித்தது வெற்றிலை ஆசை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அரசி மடித்துக் கொடுக்கிற வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு ரதத்தில் ஏறுவார். அது வாயில் நன்றாகச் சிவப்பதற்குள் ஏரிக்கரை மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். போய் இறங்கியதும் நாக்கை நீட்டி மந்திரியிடம் காட்டுவார். சிவந்திருந்தால் சாரதிக்குத் திட்டு, சிவக்காவிட்டால் மோதிரம்.

அரசருக்கு ஓர் ஆசை வந்தால் அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? தளவாய் கங்காதரர் வாயிலும் வெற்றிலை, பொக்கிஷ அதிகாரி வாயிலும் வெற்றிலை. பல் விழுந்த புரோகிதர்கூட இடித்துப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். ராஜவீதியில் மதியம் ஆனால் போதும், புழுதி அடங்காது.

அந்த வீதியின் ஒரு பக்கம் குடிசைகள். மறுபக்கம் ஊர்க்கிணறு. குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் வீதியைக் கடந்தே தீர வேண்டும். ஜனங்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குலதெய்வத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். கை ஒடிந்தவர் உண்டு, கால் போனவர் உண்டு. அரசருக்கு மட்டும் இது எதுவும் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் அவருடைய குடை. வெண்கொற்றக் குடை வீதியில் இறங்கினால் எந்த வண்டியானாலும் நின்றுவிட வேண்டும். வண்டியில் இருப்பவர் இறங்கி, தலைப்பாகையைக் கழற்றி, தலை குனிந்து நிற்க வேண்டும். குடை கடந்து போன பிறகுதான் நிமிரலாம். அரசருடைய பாட்டனார் காலத்துச் சட்டம் அது. ஆகவே அரசர் போகும்போதெல்லாம் வீதி கைகட்டி நின்றது. பிறந்தது முதல் அவர் பார்த்த ராஜவீதி, அசையாமல் நிற்கிற ராஜவீதிதான்.

ஒரு நாள் தளவாயின் வண்டி சங்கிலி என்பவன் மேல் ஏறிவிட்டது. வீடுகளுக்குத் தண்ணீர் சுமக்கிறவன் அவன். அங்கேயே உயிர் போயிற்று. ஊர் கொதித்து அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அரசர் சபையைக் கூட்டினார்.

சங்கிலியின் மனைவி மூக்காயி, வீதியோரத்தில் மோர் விற்கிறவள், சபை நடுவே நின்றாள். நெசவாளர்கள் சார்பில் ஒருவர் எழுந்து, "நடக்கிறவர்களுக்கு என்று ஓரமாக ஒரு கல்பாதை போட வேண்டும். வண்டி வாங்க வழியில்லாதவர்கள் ஏறிப்போக நாலு ஊர்வண்டி விட வேண்டும்" என்று கேட்டார்.

பொக்கிஷ அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "நல்ல யோசனை. ஆனால் பொக்கிஷத்தில் இருப்பது ஏரி மண்டபத்துக்குப் பொன் கூரை வேய்வதற்கே பற்றாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"போன வருஷமும் அதைத்தானே சொன்னீர்கள்?" என்றார் நெசவாளர்.

"ஆம், சொன்ன சொல் மாறுவது எனக்கு வழக்கமில்லை."

பிறகு தளவாய் எழுந்தார். "அரசே, சங்கிலி குடத்தோடு விழுந்தான். தண்ணீர் சிந்தியது. அதில் என் குதிரை வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது. குற்றம் யாருடையது? போதாக்குறைக்கு இவளுடைய குடிசை வீதியை நெருக்குகிறது. அதை இடித்து வீதியை அகலப்படுத்தினால் வண்டிகள் இன்னும் சுகமாக ஓடும்."

அதாவது, புருஷனைக் கொன்ற வண்டிக்கு வழிவிட, பெண்டாட்டியின் வீட்டை இடிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அந்த மனுஷருக்கு நாக்கு குழறவில்லை.

அரசராவது ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "நானும் அந்த வீதியில்தான் போய் வருகிறேன். அமைதியான வீதி. கண் இருக்கிறவன் பார்த்து நடந்தால் எந்தச் சக்கரம் ஏறும்? பௌர்ணமிக்குள் குடிசையை எடுத்துவிடுங்கள்" என்றார்.

மூக்காயி அழவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சபையின் கடைசிப் படியில் மிளகப்பன் உட்கார்ந்திருந்தான். அரசவை விகடன். பேருக்கேற்ற சிறிய ஆள், பேருக்கேற்ற காரம். அரசவையில் வண்டி இல்லாதவன் அவன் ஒருவன்தான். எங்கே போனாலும் நடைதான். அவன் மெள்ளக் கைதட்டினான்.

"எதற்கு இந்தக் கைதட்டல், மிளகப்பா?" என்றார் அரசர்.

"குதிரைக்கு நியாயம் கிடைத்ததே, அரசே. அதற்குத்தான். மனிதர்களுக்கும் ஒரு நாள் கிடைக்கும் என்று நம்பிக்கை வந்துவிட்டது."

அரசர் முகம் சுருங்கியது. தளவாய்க்கு இது போதாதா? மிளகப்பன் மேல் அவருக்கு நெடுநாள் எரிச்சல். "அரசே, நடையாய் நடக்கிற இவரே வீதியைச் சரிசெய்யட்டுமே. ஆனால் பொக்கிஷத்திலிருந்து ஒரு காசு கொடுக்கக் கூடாது. புதிதாக ஒரு சட்டமும் போடக் கூடாது. யாரும் கடிவாளத்தைத் தொடவோ வழியை மறிக்கவோ கூடாது. இவை எதையும் செய்யாமல் ஜனங்களைப் பத்திரமாகக் கடக்க வைக்கட்டும். முடியாவிட்டால் குடிசை போகிற அன்றே இவரும் ஊரைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

மிளகப்பன் எழுந்து வணங்கினான். "சம்மதம், அரசே. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நாளை மதியம் ஏரிக்குப் போகும்போது தாங்கள் கிணற்றடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். ரதம் எதிர்ப்பக்கத்து மரநிழலில் நிற்கட்டும். தங்களிடம் இருக்கிற ஒரு கம்பும் கொஞ்சம் துணியும் சற்று நேரத்துக்கு இரவல் வேண்டும்."

கைத்தடியையும் மேல்துண்டையும் கேட்கிறான் என்று அரசர் நினைத்தார். "கம்பும் துணியும்தானே? சபையறியக் கொடுத்தேன்" என்றார்.

மறுநாள் மதியம் அரசர் வெற்றிலையும் வாயுமாகக் கிணற்றடியில் இறங்கினார். ஏரிக்குப் போகிற நாள் என்பதால் கிரீடம் இல்லை, தலையில் சாதாரணப் பாகைதான். தலைக்கு மேலே குடை. சுற்றிலும் மெய்க்காவலர்கள். ரதம் எதிர்ப்பக்கம் போய் நின்றது. மூக்காயி நிறைகுடத்தோடு அங்கே நின்றாள். தண்ணீர் எடுத்தாயிற்று, வீடு எதிரே, போக வழியில்லை.

"இந்தா, நீ கேட்ட கம்பு" என்று கைத்தடியை நீட்டினார் அரசர்.

"அது இல்லை, அரசே. இந்தக் கம்பு. இந்தத் துணி" என்று குடையைக் காட்டினான் மிளகப்பன்.

அரசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காவலர்களில் ஒருவன் வாளில் கை வைத்தான். குடையைத் தொட்டவன் உயிரோடு போனதாகக் கதைகூடக் கிடையாது. ஆனால் சபையறியக் கொடுத்த வார்த்தை. அரசர் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தலையசைத்தார்.

மிளகப்பன் குடையை வாங்கி மூக்காயியின் தலைக்கு மேல் பிடித்தான். "நட தாயி" என்றான்.

"வேணாம் சாமி, என்னை வெட்டிப்புடுவாங்க."

"நட. இன்னிக்கு வெட்டுறவன் எல்லாம் குனிஞ்சு நிப்பான்."

அவள் காலை எடுத்து வைத்தாள். வீதி நின்றது. புரோகிதர் வண்டி நின்றது. பொக்கிஷ அதிகாரி வண்டி நின்றது. தளவாய் பாய்ந்து வந்தவர், குடையைப் பார்த்ததும் கடிவாளத்தை இழுத்துக் குதித்து இறங்கி, பாகையைக் கழற்றிக்கொண்டு தலை குனிந்தார். மோர்க்காரியின் வெறுங்கால் அவர் கண்ணெதிரே போயிற்று. கிணற்றடியில் நின்ற ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பதா பயப்படுவதா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

குடை போகிற இடத்துக்குப் போவதுதான் குடைபிடிப்பவனின் வேலை. அவனும் கூடவே போனான். குடையைக் காப்பதுதான் மெய்க்காவலர்களுக்கு இட்ட கட்டளை. அவர்களும் பின்னாலேயே போனார்கள். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் மிளகப்பன் குடையை மடக்கிவிட்டான். வீதி மறுபடி பாய ஆரம்பித்தது.

கிணற்றடியில் அரசர் தனியாக நின்றார்.

"மிளகப்பா, குடையைக் கொண்டுவா" என்று கத்தினார்.

"அது எதற்கு அரசே? கண் இருக்கிறவர் பார்த்து நடந்தால் போதுமே" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அரசர் ஒரு காலை வைத்தார். ஒரு வண்டி மூக்கை உரசிக்கொண்டு போயிற்று. காலை எடுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார். இந்தப் பக்கத்திலிருந்து வண்டி, அந்தப் பக்கத்திலிருந்து வண்டி. இத்தனை வண்டிகள் தம்முடைய ராஜ்யத்தில் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்போதுதான் குடத்தோடு வந்து நின்ற ஒரு கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குடைக்கு வெளியே அரசரைப் பார்த்தவர் ஊரில் யார் இருக்கிறார்கள்? "ஊருக்குப் புதுசாய்யா? இப்படி நின்னா பொழுதுக்கும் நிக்க வேண்டியதுதான். சந்து கெடைக்கிறப்போ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடணும். நடுவுல மட்டும் நின்னுடாதீங்க. சங்கிலி நின்னுதான் செத்தான்."

அரசர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். நடுவில் ஒரு செருப்பு கழன்றது. அதை எடுக்கத் திரும்பினார். நின்றுவிட்டார்.

ஏரிக்கரையைத் தொட்டுத் திரும்பிய தளவாயின் வண்டி மேலே வந்துவிட்டது. குதிரையின் மூச்சு அரசர் முகத்தில் அடித்தது. தளவாய் கீழே இருப்பவர்களின் முகத்தை எப்போது பார்த்தார், இப்போது பார்க்க? "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்திவிட்டுச் சாட்டையைச் சொடுக்கினார். சக்கரம் செருப்பின் மேல் ஏறியது. அரசர் உருண்டு போய் மூக்காயி குடிசை வாசலில் விழுந்தார்.

ஜனங்கள் அலறினார்கள். அரசரின் மார்பெல்லாம் சிவப்பு. அரசர் அதைத் தொட்டுப் பார்த்தார், கையெல்லாம் சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், செத்துவிட்டோம் என்றே நினைத்துவிட்டார்.

மூக்காயி குடத்தை இறக்கி வைத்து, முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். "ரத்தம் இல்ல சாமி. வெத்தல."

வெற்றிலை நன்றாகவே சிவந்திருந்தது. அன்று அதை யாரிடமும் காட்ட வேண்டும் என்று அரசருக்குத் தோன்றவில்லை. அவள் கொடுத்த மோரை வாங்கினார். அவசரமாகக் குடித்ததில் பாதி வேட்டியில் சிந்தியது.

சாயங்காலம் சபை கூடியது. மூக்காயியையும் வரச் சொல்லியிருந்தார்கள். தளவாய் முந்திக்கொண்டார். "அரசே, ராஜத்துரோகம். ஒரு மோர்க்காரிக்கு வெண்குடை பிடித்திருக்கிறார் இந்த விகடர்."

மிளகப்பன் சொன்னான்: "ஒரு காசு செலவழிக்கவில்லை, அரசே. புதுச் சட்டம் இல்லை, தங்கள் பாட்டனார் சட்டமே இருந்தது. நான் கடிவாளத்தைத் தொடவில்லை, வழியை மறிக்கவில்லை. தளவாய் அவராகவே நிறுத்தினார், அவராகவே இறங்கினார், அவராகவே குனிந்தார். ஓர் உயிர் பத்திரமாகக் கடந்தது. வேறொரு உயிர் குடை இல்லாமல் கடந்ததையும் அரசர் அறிவார்."

"யார் அந்த முட்டாள்?" என்றார் தளவாய்.

அரசர் சக்கரம் ஏறி நசுங்கிய ஒற்றைச் செருப்பை மடியிலிருந்து எடுத்து முன்னால் வைத்தார். "கங்காதரரே, இந்த முட்டாளிடம் நீர் ஒரு கேள்வி கேட்டீர். வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று. இல்லை, சொல்லிவிட்டு வரவில்லை."

தளவாய் முகத்தில் ரத்தம் சுண்டியது. உட்கார இடம் தேடினார், கிடைக்கவில்லை. அவர் முழித்த முழியைப் பார்த்து அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அரசர் சிரித்தால் சபை சும்மா இருக்குமா? தூண்கள் அதிரச் சிரித்தார்கள்.

"மிளகப்பா, பிழைத்துப் போ. உனக்கு என்ன பரிசு வேண்டும்? ஒரு குதிரைவண்டி தரட்டுமா?"

"ஐயோ, எனக்கும் கண் தெரியாமல் போய்விடும், அரசே. ஒரு ஜோடி நல்ல செருப்பு போதும்."

மறுபடி சிரிப்பு. அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே சிரிப்போடு மூக்காயி பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன வேண்டும், சொல். வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டாரே தளவாய், அது உன் காதிலும் விழுந்தது அல்லவா?"

"கேட்டேன் சாமி" என்றாள் மூக்காயி. "எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டுத்தான் போனாரு. தெனமும் சொல்லுவாரு. அன்னிக்கும், போயிட்டு வர்றேன்னுதான் சொன்னாரு."

சிரிப்பு நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அரசர் அந்தச் செருப்பை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் கட்டளைகள் வந்தன. குடிசை அதே இடத்தில் இருக்கும். அரண்மனையில் தூசி படிந்து கிடக்கிற பழைய வெண்குடைகள் கிணற்றடியிலும் குடிசைப் பக்கத்திலும் வைக்கப்படும். கடப்பவர் எவரும் எடுத்துப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் வைத்துவிடலாம். ஏரி மண்டபத்துக்குக் கூரை ஓலையே போதும், பொன் எல்லாம் கல்பாதைக்கும் ஊர்வண்டிக்கும். தளவாய் இனி அரண்மனைக்கு நடந்து வருவார். பொக்கிஷ அதிகாரி அடுத்த வருஷம் என்று ஆரம்பித்தார். அரசர் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் முடியவில்லை.

மறுநாள் மதியம் அரசி வழக்கம்போல வெற்றிலை மடித்து நீட்டினாள். அரசர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு வாசல்வரை போனார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

"போய்விட்டு வருகிறேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லாத வார்த்தை அது. அரசி கையில் வெற்றிலையோடு, ரதம் மெதுவாகப் போய் மறைகிறவரை வாசலிலேயே நின்றாள்.