கூழைக்கடாவுக்குப் பை வந்த கதை

அந்தக் காலத்தில், பறவையும் செடியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு திரிந்தபோது, கூழைக்கடாவுக்கு அலகின் கீழே பை கிடையாது. கொக்குக்கு இருப்பதுபோல ஒட்டின வாய்தான். அப்போது கண்மாயைப் பறவைகள் ஆளுக்கொரு பங்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். கீழ்ப்பங்கு வெள்ளாயி என்ற கூழைக்கடாவுக்கு. அதை ஒட்டிய மேல்பங்கு சடையன் என்ற நீர்க்காகத்துக்கு.

ஒரு மழைக்காலத்தில் ஊதாப் பூவோடு ஒரு செடி வாய்க்கால் வழியே மிதந்து வந்து, ஒண்டிக்கொள்ள ஓர் ஓரம் கேட்டது.

"பேரு என்ன தாயி?" என்றாள் வெள்ளாயி.

"ஆகாயத்தாமரை."

தாமரை என்ற ஒரு சொல் போதாதா? நம்ம வீட்டுப் பெண்ணாயிற்றே என்று எல்லோரும் உச்சி குளிர்ந்து இடம் விட்டார்கள். வந்தவளோ தாமரைக்கு ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. குட்டி போட்டாள், அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன, அடுத்த மழைக்குள் தண்ணீரே கண்ணில் படவில்லை. மீனெல்லாம் மூச்சுமுட்டி ஓடைப்பக்கம் ஒதுங்கிவிட்டது.

கருவேல மரத்துக் கூட்டில் வெள்ளாயியின் குஞ்சுகள் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. பெற்ற வயிறு பற்றி எரிந்தது அவளுக்கு.

அப்போதும் இவர்கள் புத்தி போன போக்கைப் பாருங்கள். ஒவ்வொருவரும் தன் பங்குச் செடியை அடுத்த பங்குக்குத் தள்ளினார்கள். சடையன் கீழே தள்ளுவான். வெள்ளாயி மேலே தள்ளுவாள். போன இடமெல்லாம் செடி நன்றாகக் குட்டி போட்டது.

ஒரு காலையில் சடையன் பெரிய கொத்து ஒன்றைத் தள்ளிவிட்டுச் சண்டைக்குத் தயாராக நின்றான். வெள்ளாயி திருப்பித் தள்ளவில்லை. கொத்தை அப்படியே வாயில் அள்ளி, கரைமேட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் போட்டாள். திரும்பி வந்து அடுத்ததை அள்ளினாள்.

"அது என் பங்குச் செடியில்ல?" என்றான் சடையன்.

"செடிக்குப் பங்கு தெரியுமா அண்ணே? என் பிள்ளைக சாகக் கிடக்கு. யாரு செடின்னு பாக்க எனக்கு நேரமில்லே."

சடையனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவன் கூட்டிலும் குஞ்சுகள் பட்டினிதான். "சரி தங்கச்சி, நான் பக்கத்துல நிக்கிறேன். நடுவுல சந்து விட்டா செடி நழுவிரும், எல்லாரையும் கூப்பிடு" என்றான்.

கொக்கும் தாராவும் நாரையும் மற்றக் கூழைக்கடாக்களும் வந்தார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இறக்கையோடு இறக்கை ஒட்டி, ஒரே வரிசையாகச் செடியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓரத்தில் சேர்ந்ததைக் கூழைக்கடாக்கள் அள்ளி அள்ளி மேட்டில் போட்டார்கள். பாரம் தாங்காமல் அவர்களுக்குக் கீழ்த்தாடைத் தோல் தளர்ந்து பைபோலத் தொங்கியது. செடி காய்ந்து சருகாயிற்று. தண்ணீர் தெரிந்தது, மீன் திரும்பியது.

தொங்கிய தோல் நிறைய மீனோடு வெள்ளாயி கூட்டுக்குப் பறந்தாள். அவள் கக்கிக் கொடுக்கும்வரை குஞ்சுகளுக்குப் பொறுமை இல்லை. தாயின் வாய்க்குள்ளேயே தலையை விட்டுத் தின்றன. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அன்று முதல்தான் கூழைக்கடாவும் நீர்க்காகமும், செடியைத் தள்ளியதுபோலவே, ஒரே வரிசையில் நின்று மீனைக் கரைக்கு ஓட்டுகின்றன. கூழைக்கடாக் குஞ்சும் அம்மாவின் பைக்குள் தலையை விட்டு வயிறாரத் தின்கிறது.