ராக்கம்மாளின் முகவரி

“பேரு இல்லேன்னா காசு வந்து சேரல. பேரு வச்சா புருசன் வந்து சேர்றான். நான் என்னம்மா செய்யட்டும்?”

கேட்டவர் உடையப்பன். அறுபதைத் தாண்டியவர். அவருடைய குரு தவமணி அம்மைக்கோ அவருடைய மகளின் வயதுதான்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கூகைக்கரடு என்னும் குன்றின் உச்சியில் இருக்கும் அந்த மடத்தில், அடி தாங்காமல் வீட்டைவிட்டு வரும் பெண்களுக்கு இடம் உண்டு. பிறகு எங்காவது தூர ஊரில் மறைந்து வாழ்வார்கள். உதவ நினைப்பவர்கள் அவர்களுக்கு டிஜிட்டல் காசு அனுப்புவார்கள். வங்கி வேண்டாம், கைபேசி போதும். அதைக் கவனிப்பது உடையப்பனின் பொறுப்பு.

ராக்கம்மாளுக்கு முதலில் ஒரு முகவரி கொடுத்தார். எழுத்தும் எண்ணும் கலந்து முழ நீளம். அனுப்பியவர் எங்கோ ஓர் எழுத்தை மாற்றிவிட்டார். போன காசு திரும்பவில்லை. அந்த மாதம் அவளால் வாடகை கொடுக்க முடியவில்லை.

அடுத்து அந்த முகவரிக்கு ‘ராக்கு’ என்று பெயர் வைத்தார். பெயரைத் தட்டினால் காசு சேர்ந்துவிடும். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அந்தக் காசின் கணக்கு உலகம் பார்க்கத் திறந்தே கிடப்பது. பெயர் தெரிந்தால் போதும், எவ்வளவு வந்தது, எந்தக் கடைக்குப் போனது என்று யாரும் பார்க்கலாம். அவள் புருஷனும் அந்தப் பெயரை ஊகித்துப் பார்த்தான். பிள்ளைக்கு அவள் பால்மாவு வாங்கும் கடையின் வாசலில் வந்து நின்றான்.

எதிர்ச் சாரியிலிருந்தே அவனைக் கண்டுகொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி கரடேறினாள்.

“ரேசன் கடைக்கு வழி தெரியாத மனுசன்,” என்றாள் வந்ததும். “இதுக்கு மட்டும் வழி தெரிஞ்சிருச்சு.”

நாளைக் காலைப் பேருந்தில் அவள் வேறு ஊருக்குப் போகிறாள். இனி அவன் கையில் அகப்பட்டால் உயிர் தங்காது. எந்த முகவரியோடு அனுப்புவது?

“வேற வழியே கிடையாதா?” என்று கேட்டார் அம்மை.

ஒன்று உண்டு என்று உடையப்பன் தயங்கிச் சொன்னார். அதில் பெயர் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக முளைக்கும் ஓர் இடத்தில் காசு போய் விழும். அது யாருடைய இடமென்று பெயர் தெரிந்தவனுக்கும் தெரியாது. அவளிடம் இருக்கும் ரகசியச் சாவிக்கு மட்டும் தெரியும்.

“பிறகென்ன?”

“காசு வந்திருக்குன்னு அவளுக்கும் யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. உலகத்துல யார் யாருக்கோ விழுற காசையெல்லாம் ஒண்ணொண்ணா சாவி போட்டுப் பாக்கணும். கைபேசிதான் பாக்கும், ஆனாலும் தினமும் நேரம் பிடிக்கும். சாவி தொலைஞ்சா எல்லாம் போச்சு. ராக்கம்மாளால முடியாது. நானே வேண்டாம்னு விட்டுட்டேன்.”

அம்மை ஒரு தண்டை ஒடித்து, வாசலில் பிள்ளையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ராக்கம்மாளைப் பார்த்தார்.

“விடியும்போது ரெண்டு பேரும் மடத்துக்குப் பின்னால இருக்குற குகைக்கு வாங்க.”

விடியலில் வந்தார்கள். ராக்கம்மாளின் தோளில் பிள்ளை தூங்கியது.

குகைக்குள் இருட்டு. உடையப்பன் டார்ச்சை எடுத்தார். அணைக்கும்படி அம்மை கைகாட்டினார்.

தலைக்கு மேலே பாறை முழுவதும் வௌவால் குட்டிகள். இரை தேடிப் போன தாய்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. பாறையே கீச்சிடுவது போலிருந்தது.

பிறகு தாய்கள் வரத் தொடங்கின. வெளியே வானம் வெளுக்க வெளுக்க, குகை வாயில் வழியாகக் கறுப்பு ஆறு ஒன்று உள்ளே பாய்ந்தது. சிறகுக் காற்று மூவர் முகத்திலும் அடித்தது.

“கேக்குதா?” என்றார் அம்மை.

“எல்லாம் கேக்குது.”

“எந்தக் குட்டி எந்தத் தாயைக் கூப்பிடுது?”

உடையப்பன் காதைக் கூர்மையாக்கினார். கண்ணை மூடிப் பார்த்தார். திறந்து பார்த்தார்.

“தெரியலம்மா.”

“நானும் வந்த நாள்லேருந்து கேக்குறேன்,” என்றார் அம்மை. “எனக்கும் தெரியல.”

மெல்ல மெல்லச் சத்தம் தேய்ந்தது. இங்கே ஒரு குரல் அடங்கியது, அங்கே ஒன்று. யார் யாரிடம் சேர்ந்தார்கள் என்பதை யாரும் காணவில்லை. கடைசியில் ஒரே ஒரு குட்டி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

குகை நிறைய மௌனம்.

உடையப்பன் கைகூப்பியிருந்தார். எப்போது கூப்பினார் என்று அவருக்கே தெரியாது.

“ஒரு தாய் எத்தனை குரலைக் கேட்டு தன் குட்டியைக் கண்டுபிடிக்குதும்மா?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“அத்தனையையும்.”

ராக்கம்மாள் தோளில் கிடந்த பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஐயா,” என்றாள், “இதையா என்னால முடியாதுன்னு விட்டீங்க?”