தவிட்டுக்குருவிகள் ஏன் தனியாகக் கத்துவதில்லை

பறவைகளும் விலங்குகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் ஒரு துரை பங்களா இருந்தது. அதன் தோட்டத்தில் ஒரு கல் தொட்டி. எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. பக்கத்தில் கப்பலேறி வந்த நாய் ஒன்று காவலுக்குப் படுத்திருக்கும். கெட்ட நாய் இல்லை. ஆனால் அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும்; புரியாத பாஷை பேசுகிறவர்களைத் தொட்டியருகே விடக் கூடாது என்பது துரையின் உத்தரவு. அதனால் வருகிறவர்களிடமெல்லாம், நேற்று எங்கே போனாய், என்ன செய்தாய் என்று கேட்கும். சரியாகப் பதில் வந்தால் நகர்ந்து வழிவிடும்.

ஓடை வறண்டுபோன வருஷம், பங்களாக் கூரையில் இங்கிலீஷ் கேட்டு வளர்ந்த தங்கபுஷ்பம் என்ற மைனா, புங்கமரத்தடியில் குஞ்சுகளை உட்காரவைத்து, நாய்க்குப் பதில் சொல்ல இங்கிலீஷ் வினைச்சொற்கள் சொல்லிக்கொடுத்தாள். இன்றைக்கு ‘வாக்’ என்றால் நேற்றைக்கு ‘வாக்டு’. இன்றைக்கு ‘ஜம்ப்’ என்றால் நேற்றைக்கு ‘ஜம்ப்டு’. தவிட்டுக்குருவிக் குஞ்சு செவந்திக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. காதில் விழுந்த சொல்லுக்கெல்லாம் ஒரு ‘டு’ ஒட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஒருநாள் டீச்சர் ‘கோ’ என்றதும் செவந்தி எல்லோரையும் முந்திக்கொண்டு ‘கோடு’ என்றாள். குஞ்சுகள் உருண்டு புரண்டு சிரித்தன. கொண்டைக்குருவிக் குஞ்சு காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, இதுதான் செவந்தியின் இங்கிலீஷ் என்றது.

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. “நீ யோசிச்சது சரிதான் கண்ணு. அந்தச் சொல்தான் சொன்ன பேச்சைக் கேக்காம ‘வென்ட்’டுன்னு மாறிப்போச்சு” என்றாள்.

செவந்திக்கு அது காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். தொட்டியருகே நாய் கேட்டபோதும் தலையைக் குனிந்தபடி திரும்பி வந்துவிட்டாள். அக்காமார் அலகில் கொண்டுவந்த சொட்டுத் தண்ணீர் அவளுக்குப் போதவில்லை. வெயில் ஏற ஏறச் சிறகு தொங்கிப்போயிற்று. பிறகு கிளையில் நிற்கவே முடியவில்லை.

அம்மாவும் அக்காமாரும் அவளை நடுவில் அணைத்தபடி தொட்டிக்குக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் பதில் சொல்லி உள்ளே போய்விட்டார்கள். நாய் செவந்தியைக் கேட்டது. அலகு திறந்தது, சத்தம் வரவில்லை.

மூத்தவள் மாரிக்கனி தண்ணீரில் வைத்த அலகை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். தங்கையோடு தோள் ஒட்டி நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் குடிக்காமல் வந்தார்கள்.

“நாங்களும் சொல்றோம். நீ கூடச் சொல்லு, போதும்” என்றாள் மாரிக்கனி.

“வீ வென்ட்! வீ வென்ட்!” என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அந்த இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு செவந்தியும் கத்தினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை. வறண்ட அந்தச் சின்னக் குரலை நாய் காது தூக்கிக் கேட்டது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு ஒதுங்கியது. செவந்தி குடித்து முடிக்கும்வரை அக்காமார் யாரும் தண்ணீரைத் தொடவில்லை.

அன்றிலிருந்துதான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகவே இரை தேடுகின்றன. ஒன்று வாயெடுத்தால் எல்லாம் சேர்ந்து கத்துகின்றன. அன்று தொட்டியருகே நடந்ததைப் பார்த்த தங்கபுஷ்பமும், மறுநாளே குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து சொல்லும்படி பாடத்தை மாற்றினாள். இன்றைக்கும் பள்ளிக்கூடங்களில் சின்னப் பிள்ளைகள் ‘கோ, வென்ட், கான்’ என்று ஒரே குரலில் கத்துவது அப்படி வந்த வழக்கம்தான்.