ஆந்தை பார்க்காத மூஞ்சி

மலையடிவாரத்துல வன உயிர் மறுவாழ்வு மையம்னு ஒண்ணு இருக்குங்க. அடிபட்ட பறவை, மிருகத்தைத் தேத்திக் காட்டுல விடுற இடம். பராமரிப்புக்குக் கோமதிநாயகம், பால்துரை, சுடலைமணின்னு மூணு பேர். மூணு பேருக்கும் சேர்த்து ஒண்ணரை மூளைன்னு சொன்னா, அதுவே கொஞ்சம் தாராளம்தான்.

மாஞ்சாக் கயிறு றெக்கையை அறுத்த ஆந்தை ஒண்ணை, டாக்டர் எப்சிபா ரெண்டு மாசமாப் பாடுபட்டுப் பிழைக்க வச்சிருந்தாங்க. ஊருக்குக் கிளம்பும்போது மூணு பேரையும் கூப்பிட்டாங்க.

"வெள்ளிக்கிழமை வந்து பறக்க விடுவேன். அதுவரைக்கும் அது மனுஷ மூஞ்சிக்குப் பழகிடக் கூடாது. நானே முகத்தை மூடிக்கிட்டுத்தான் வைத்தியம் பாத்தேன். பழகிட்டா ஆயுசுக்கும் கூண்டுதான்."

மூணு பேரும் உட்கார்ந்து யோசிச்சாங்க.

"மூஞ்சியைக் கழட்டி வச்சுட்டா தீனி வைக்க முடியும்?"ன்னார் சுடலைமணி.

"போலே கூறுகெட்டவனே! மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கு?"ன்னு கேட்டார் கோமதிநாயகம். இருக்கிறதுல இவர்தான் மேதாவி.

பால்துரை தடவிப் பார்த்துட்டுச் சொன்னார்: "முன்பக்கம், அண்ணாச்சி."

"அப்போ பின்பக்கமாப் போவோம்."

அடேயப்பா, என்ன அறிவு! அன்னைக்கே சுடலைமணி எலித்தட்டோட பின்பக்கமாவே நடந்து, பக்கத்துல இருந்த முள்ளம்பன்றிக் கூண்டுக்குள்ள நுழைஞ்சார். எது முதல்ல உள்ள போச்சுன்னு நான் சொல்ல வேண்டாம். மறுநாள் பால்துரை தண்ணித் தொட்டியில உட்கார்ந்தார். அடுத்த நாள் ஆந்தை எதிர்ப்பக்கம் பறந்துச்சு. கோமதிநாயகம் திரும்பினார். அது மறுபடி பறந்துச்சு, இவரும் மறுபடி திரும்பினார். தலைசுத்தி விழுந்தவர் நல்லவேளை குப்புற விழுந்தார்.

வெள்ளிக்கிழமை வந்த டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாங்க. ஐயோ, பழகிடுச்சோன்னு பதறிப்போய், முகத்தை மூடக்கூட மறந்து கூண்டைத் திறந்தாங்க. நாலு நாளா வெறும் முதுகாப் பார்த்த ஆந்தை, திடீர்னு ஒரு மூஞ்சியைப் பார்த்ததும் அரண்டு, புளியமரத்தைத் தாண்டிக் காட்டுக்குள்ள போயே போச்சு. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு.

"மூஞ்சியைப் பாத்ததும் பறந்துடுச்சே!"ன்னு கோமதிநாயகம் வாயைப் பிளந்தார். மூணு பேரும் மறுபடி யோசிக்க உட்கார்ந்துட்டாங்க.

மறுநாள் கால் ஒடிஞ்ச ஆமை ஒண்ணு வந்துச்சு. கட்டுப் போட்டுவிட்டு, சாயங்காலம் டாக்டரம்மா வந்து பார்த்தா, மூணு பேரும் ஆமையைச் சுத்திக் குப்புறப் படுத்திருக்காங்க.

"என்னய்யா பண்றீங்க?"

"காலையில இருந்து மூஞ்சியைக் காட்டுறோம்மா. இது தலையை உள்ள இழுத்துக்கிட்டுப் பாக்கவே மாட்டேங்குது. அதான் இன்னும் பறக்கல."