செவலைக் கிடாய் செத்த படம்

வேப்பலோடைப்பட்டியில் புத்தி மலிவு என்று சுற்றுப்பட்டிக்காரர்கள் சொல்வார்கள். சுத்தப் பொய். மலிவாகக் கிடைத்திருந்தால் ஆளுக்குக் கால்படி வாங்கி வைத்திருக்க மாட்டார்களா?

அந்த ஊருக்குச் சினிமா வந்தது. சினிமா என்றால் டைரக்டர் பிரசன்னா, ஒரு கேமராக்காரர், ரத்தத்துக்கு ஒரு வாளி பீட்ரூட் சாறு. மூன்றும் ஒரு இட்லி மாவு வண்டியில் வந்து இறங்கின. பிரம்மாண்டம் அத்தோடு முடிந்தது.

கதை இதுதான். ஒரு கிடாய் விஷக் காய்ச்சலில் சாகிறது. செத்த கிடாய் ஜாம்பியாக எழுந்து ஒரு பசுவைக் கடிக்கிறது. பசு கோழிகளைக் கடிக்க, கோழிகள் ஊரையே கொத்தித் தீர்க்கின்றன.

"ஜாம்பின்னா என்ன சார்?" என்று கேட்டார் நாட்டாமை மூக்கையா.

"செத்தும் சாகாது. கண்ணுல உயிர் இருக்காது. வாயி மட்டும் எதையாச்சும் மென்னுக்கிட்டே அலையும்."

"அட, நம்ம சோலையப்பன்!" என்றார் அழகுமலை.

சோலையப்பன் அழகுமலைக்குப் பங்காளி, சித்தப்பா மகன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் மாட்டுத்தாவணிச் சந்தையில் சோலையப்பனின் பசுவுக்கு எவர்சில்வர் அண்டா பரிசு கிடைத்தது. அழகுமலையின் பசுவுக்கு ஒரு துண்டு. அதுவும் சாயம் போகிற துண்டு. அன்றிலிருந்து அழகுமலை அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. கொடுக்கிறேன் என்று அங்கே யாரும் சொன்னதும் இல்லை.

இப்போது படத்தில் கடிக்கப்போவது அழகுமலையின் செவலைக் கிடாய். கடி வாங்கப்போவது அதே அண்டாப் பசுவின் பேத்தி. அழகுமலைக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. 'என் கிடாய் அவன் மாட்டைக் கடிக்கிறதை நாடே உக்காந்து பாக்கணும். அப்புறம் நான் செத்தாலும் சரி' என்று இருந்தார்.

முதலில் சுலபமான காட்சியை எடுப்போம் என்றார் டைரக்டர். ஊர்க்காரர்களைக் கூட்டி, "ஆக்‌ஷன்னு சொன்னதும் உயிருக்குப் பயந்து ஓடணும். நடிக்கக் கூடாது, நிஜமா ஓடணும்" என்றார்.

ஓடினார்கள். பத்தொன்பது பேர். அப்படி ஓர் ஓட்டத்தை அவர் சினிமாவில் பார்த்ததில்லை. கைதட்டி, "போதும், வாங்க!" என்று கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒரு போன் வந்தது.

"சார், நான் தப்பிச்சு உசிலம்பட்டியில மக வீட்டுக்கு வந்துட்டேன். மத்தவங்க பஸ்ஸுல வர்றாங்க. நீங்களும் எப்படியாச்சும் தப்பிச்சிருங்க சார்!"

"திரும்பி வரச் சொல்லுங்கய்யா!" என்று டைரக்டர் நாட்டாமையிடம் கெஞ்சினார்.

"உயிருக்குப் பயந்து ஓடினவன் திரும்பி வந்தா அது நடிப்பாயிடும் சார். நீங்கதான் நடிக்கக் கூடாதுன்னீங்க."

மிச்சம் இருந்தது முழங்கால் வலிக்காரர்கள் மட்டும். அவர்களை வைத்தே அடுத்த காட்சிக்குப் போனார்கள்.

"இப்ப கிடாய் சாகணும்" என்றார் டைரக்டர்.

"கேட்டாச்சா?" என்றார் மூக்கையா.

"யார்கிட்ட?"

"கிடாய்கிட்ட."

அந்த ஊரில் சாமிக்குக் கிடாய் வெட்டும்போது தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பை உதறினால் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். உதறாத கிடாயின் மயிரைக்கூட யாரும் தொட மாட்டார்கள்.

"அய்யா, நிஜமா சாக வேணாம். சும்மா படுத்தாப் போதும்."

"சும்மா சாகுறதுக்கும் சம்மதம் வேணும்ல? நீங்க சொன்னா நான் சும்மா செத்துருவேனா?"

டைரக்டர் மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவரும் ஏறக்குறைய அந்த ஊருக்குப் பொருத்தமான ஆள்தான்.

தண்ணீர் ஊற்றினார்கள். செவலை நின்றது. மறுபடி ஊற்றினார்கள். வெயிலுக்கு இதமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து நின்றது.

"தெக்க பாத்து நிக்குது, திருப்பி நிறுத்துங்க" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் இல்லப்பா. கதை என்னன்னே சொல்லாம எப்படி ஒத்துக்கும்?" என்றார் மூக்கையா.

நியாயம்தான் என்று டைரக்டரும் குத்த வைத்து உட்கார்ந்து கிடாய்க்குக் கதை சொன்னார். பின்னணி இசையைக்கூட வாயாலேயே போட்டுக் காட்டினார். இடைவேளை வரும் இடத்தில் கிடாய் புழுக்கை போட்டது. படத்துக்கு வந்த முதல் விமர்சனம் அதுதான்.

பொழுது மேற்கே சாய்ந்தது. டைரக்டர் எழுந்து முட்டியைத் தட்டினார். "சரி, கதையை மாத்துறேன். முதல்ல பசு ஜாம்பி ஆகட்டும். அது கிடாயைக் கடிக்கட்டும்."

அழகுமலை செவலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சோலையப்பன் பசுவின் கொம்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "எங்க மாடு யார் உத்தரவுக்கும் நிக்காது சார். அண்டா வாங்கின வம்சம்! ஏண்ணே, உங்க கிடாய்க்கு வலிக்காமக் கடிக்கச் சொல்லவா?" என்றார்.

அவ்வளவுதான். அழகுமலை கைக்கு அகப்பட்ட வாளியைத் தூக்கிச் செவலையின் தலையில் கவிழ்த்தார். அது பீட்ரூட் சாறு. மூக்கில் ஏறியதும் கிடாய் ஓர் உதறு உதறியது பாருங்கள், கேமரா, டைரக்டர், நாட்டாமை, எல்லாம் ஒரே சிவப்பு.

"உத்தரவாயிருச்சு!" என்று குலவை போட்டார்கள்.

டைரக்டர் துள்ளிக் குதித்தார். "சூப்பர்! கிடாய் செத்துருச்சு! செத்துருச்சு! அடுத்து பசுவைக் கொண்டாங்க!"

செத்துருச்சு என்றதும் குலவை ஒப்பாரியாக மாறியது. அழகுமலை மண்ணில் சரிந்து, "என் புள்ள போயிட்டானே!" என்று மார்பில் அடித்துக்கொண்டார். பக்கத்திலேயே செவலை ஒப்பாரிக்காரிகளின் முந்தானையை மென்றுகொண்டிருந்தது.

"பசு எங்கய்யா?" என்றார் டைரக்டர்.

"வராது சார். பங்காளி வீட்டுச் சாவு. சோலையப்பனுக்கும் பதினாறு நாள் தீட்டு" என்றார் மூக்கையா.

"ஆட்டுக்கெல்லாமா தீட்டு?" என்று சோலையப்பன் எகிறினார்.

"புள்ளைன்னு சொல்லித்தானே அவன் அழுவுறான்? அண்ணன் புள்ளை உனக்கு மகன் முறை. முறைப்படி நீதான்டா முன்னால நிக்கணும்."

முறை என்று வந்துவிட்டால் அந்த ஊரில் மறு பேச்சு கிடையாது. சோலையப்பன் மொட்டை போட்டுக்கொண்டு, ஈரத்துண்டோடு, அழகுமலையின் வாசலில் கைகட்டி நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் அழகுமலை அப்படி மனம் நிறைந்து அழுததில்லை.

டைரக்டர் ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கினார். "அது உயிரோட இருக்குய்யா! நிக்குது பாருங்க! மெல்லுது பாருங்க!"

"நீங்கதான சார் சொன்னீங்க, செத்தும் மென்னுக்கிட்டே அலையும்னு?" என்று அவரை ஆறுதலாகத் தட்டிக்கொடுத்து, வாய்க்கரிசி வரிசையில் கடைசி ஆளாக நிறுத்தினார் மூக்கையா.

முதல் பிடி சோலையப்பன் போட்டார். செவலை தின்றது. அடுத்தவர் போட்டார், தின்றது. டைரக்டரும் போட்டார், அவர் விரலையும் சேர்த்து நக்கியது. வரிசை தீர்ந்ததும் அரிசிப் பெட்டிக்குள்ளேயே தலையை விட்டுவிட்டது.

அழகுமலை அதைப் பார்த்துத் தேம்பித் தேம்பிச் சொன்னார்:

"உசுரோட இருந்தப்ப இப்படி ஒரு வாய் தின்னதில்லையேப்பா!"