இருளப்பன் குகையில் கேட்ட குரல்

செம்பாறை மலையில் இருளப்பசாமி குகை. அதன் ஆழத்தில் ஒரு சுனை. ஆடிப் பூசைக்கு அந்தத் தண்ணீர்தான் வேண்டும். அதை எடுக்கும் உரிமை கடைசித் தெருக்காரர்களுக்கு. சாகிற வேலைக்கு ஊர் வைத்த பெயர் உரிமை.

அந்த ஆடியில் வீரணனின் முறை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே ஊர்ந்தான். கயிற்றைத் தாலி கட்டியவள்தான் பிடிக்க வேண்டும். அதனால் அவன் மனைவி சடைச்சி வாயிலில் பிடித்து நின்றாள். மீதிக் கயிறு அவள் காலடியில் சுருண்டு கிடந்தது.

பெண் உள்ளே கால் வைக்கக் கூடாது. உள்ளிருந்து குரல் வந்தால் காது கொடுக்கக் கூடாது. ஆளை விழுங்க நினைத்தால் இருளப்பன் மனிதக் குரலில் பேசுவாராம். பத்து வருடம் முன்பு அப்படியொரு குரலைக் கேட்டுக் கயிற்றைக் கைவிட்டார்கள். உள்ளே போயிருந்த சடைச்சியின் மாமனார் திரும்பவே இல்லை.

உச்சிவெயிலில் கயிறு சட்டென்று விறைத்தது. உள்ளிருந்து வீரணன் குரல் வந்தது.

"கயித்த விடு புள்ள."

சடைச்சி இருட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"விட்ராத. அது அவன் இல்ல," என்றார் ஊர்த் தலைவரான அம்பலம், பத்தடி தள்ளி நின்று.

வீரணனின் தம்பி தவசி குறுக்கிட்டான். "எங்கண்ணன் தொண்டை எனக்குத் தெரியாதா? கைய எடு மதினி."

"தெரிஞ்சவன் உள்ள போய்ப் பாரேன்டா," என்றார் அம்பலம்.

தவசி நகரவில்லை.

மறுபடி குரல் வந்தது, இன்னும் மெலிந்து. பிடித்தால் என்ன ஆகும், விட்டால் என்ன ஆகும், சடைச்சிக்கு எதுவும் தெரியவில்லை. மீதிக் கயிற்றின் முனையை வாயிலோரம் நின்ற இச்சிமர வேரில் முடிந்தாள். விறைத்த கயிற்றைக் கையிலிருந்து தளர்த்தினாள். சேலையை வரிந்து கட்டினாள்.

"சாமி குத்தம்டி," என்றார் அம்பலம்.

"குத்தமாவே இருக்கட்டும் ஐயா," என்று சொல்லி இருட்டுக்குள் நுழைந்தாள்.

பிடிக்கச் சொன்னார் அம்பலம். கைவிடச் சொன்னான் தவசி. இரண்டையும் கேட்காமல் உள்ளே போனாள் சடைச்சி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சடைச்சி செய்ததே சரி. குரல் வீரணனுடையது. கயிறு பாறை இடுக்கில் மாட்டி அவன் இடுப்பை நெரித்தது. பிடித்தே நின்றிருந்தால் மூச்சு போயிருக்கும். கைவிட்டிருந்தால் இருட்டில் திரும்பும் வழி தெரியாமல் போயிருக்கும். மாமனார் போனது அப்படித்தான். சடைச்சி தளர்த்தியதால் அவனுக்கு மூச்சு வந்தது. அவள் போய்ச் சிக்கை எடுத்ததால் இருவரும் வெளியே வந்தார்கள். கிணற்றில் வாளி இறக்குகிற யாரையும் கேளுங்கள்: 'கயித்த விடு' என்றால் 'தளர்த்திக் கொடு' என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பேய் அர்த்தம் சொன்னவர்கள், குகைக்குள் ஒருநாளும் போகாதவர்கள்.