மழை நாளில் ஒரு குடம்

அரிசி களைந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன். முதல் தண்ணீர் பால் மாதிரி வருகிறது, மூன்றாவது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மூன்றாவதை மட்டும் பார்த்தவர் அரிசியில் அழுக்கே இல்லை என்பார். ஒரு மந்திரி அப்படித்தான் சொன்னார்.

கோமாறன் என்று ஒரு ராஜா. அவர் ஊர் ஏரி பச்சைப்பசேலென்று பாசி பிடித்து, மீனெல்லாம் செத்து மிதந்தது. அந்த ஏரிக்குத் தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறது. "வருஷத்துக்கு ஆறு எவ்வளவு எருச்சத்தைக் கொண்டுவந்து கொட்டுது? அளந்து சொல்லுங்க" என்றார் ராஜா.

மந்திரி திருமேனிநாதர் ஓர் ஆளை விட்டு மாதம் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் மொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டு குடத்தையும் வெயிலில் வைத்தார். எருக் கலந்த தண்ணீர் வெயிலில் இருந்தால் பச்சையாகிவிடும். ஒரு குடம்கூடப் பச்சையாகவில்லை.

"ஆறு சுத்தம் மகாராஜா! ஏரிக்கரை வலைக்காரங்க மீன் கழுவிக் கொட்டுறதுதான் கெடுதல். நாளைக்கே காலி பண்ணச் சொல்லணும்."

ராஜாவும் தலையை ஆட்டிவிட்டார்.

வலைக்காரி செம்பாயி அலறியடித்துக்கொண்டு ஓடினாள், சபையிலே புத்திசாலி என்று பேரெடுத்த வெண்காடனிடம்.

"சாமி, குடம் மொள்ளுறவரு மழைன்னா வீட்டை விட்டே வரமாட்டாரு. ஆறு தெளிஞ்சப்புறம்தான் வருவாரு. மந்திரி ஐயாவோட மாட்டுப்பட்டி ஆத்தோரம்தானே இருக்கு? முதல் வெள்ளத்துல சாணி அம்புட்டும் இறங்குது. அன்னிக்கு நான் மொண்ட குடம், தெளியட்டும்னு வாசல்ல வச்சேன், கிளிப்பச்சை ஆயிடுச்சு."

"அந்தக் குடத்தோட காலையில வா தாயி" என்றான் வெண்காடன்.

காலையில் சபை கூடியதும் அவன் எழுந்தான்.

"மகாராஜா, மந்திரிக்கு அரண்மனைச் சாப்பாடு வேண்டாம். நிறுத்திடுங்க. அவர் சாப்பிடுறதே இல்லை."

"என்னப்பா உளறுறே?"

"மாசம் ஒரு நாள், பன்னிரண்டு நாள் கூடவே இருந்து பார்த்தேன். பொழுதுக்கும் ஒரு பருக்கை தொடலை."

ராஜா மந்திரியின் தொந்தியைப் பார்த்தார். மந்திரி துள்ளி எழுந்தார்.

"எந்தெந்த நாள் பார்த்தே?"

"ஏகாதசி ஐயா."

"அடப்பாவி, அது விரத நாளாச்சே! மறுநாள் துவாதசி அன்னிக்கு என் இலையை வந்து பார்த்தியா?"

"தெளிஞ்ச நாள்ல ஆறும் விரதம்தான் ஐயா. அதோட துவாதசி இலை இதோ!"

செம்பாயி குடத்தை இறக்கினாள். உள்ளே கிளிப்பச்சை. "முதல் வெள்ளத்துல, மந்திரி ஐயா மாட்டுப்பட்டிச் சாணி இறங்கினப்போ மொண்டது மகாராஜா" என்றாள். வெண்காடன் தொடர்ந்தான்.

"ஒரு குடத்துல எரு எவ்வளவுன்னு பார்த்தா மட்டும் பத்தாது மகாராஜா. எத்தனை குடம் ஓடுதுன்னும் பார்க்கணும். மத்த நாள்ல படித்துறையில ரெண்டு படி முங்கும். அந்த வெள்ளத்தன்னிக்குப் பதினொரு படி முங்கிச்சு. வருஷம் பூரா மத்த நாள்ல வந்ததைவிட அந்த ஒரு நாள்ல வந்ததுதான் ஜாஸ்தியா இருக்கும். சரியா எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது. வெள்ளத்துக்கு வெள்ளம் மொண்டாத்தான் தெரியும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மாட்டுப்பட்டி மேட்டுக்குப் போனது. வலைக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வெண்காடனுக்குப் பட்டுச் சால்வை. "மழையில குடம் மொள்ளுறது இனி உம்ம வேலை" என்று மந்திரிக்கு உத்தரவு. அன்று முதல் இடி இடித்தால் போதும், மந்திரி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவார். ஒரு ஏகாதசி அன்று அடைமழை, வெறும் வயிற்றோடு அவர் படித்துறையில் நிற்க, செம்பாயி எட்டிப் பார்த்து, "ஐயா, ஆறு இன்னிக்கு விரதம் இல்லை போல, நீங்க மட்டும்தானா?" என்று... இதோ வந்துட்டேன் அத்தை, பாப்பா முழிச்சுட்டாளா? கையெல்லாம் அரிசித் தண்ணி, ஒரு நிமிஷம்.